எங்கள் வீட்டு நத்தார்ப் படங்கள்

ஒஷாவாவில் மார்கழிச் சூரியன் 4:45-க்கு முன்பே மறைந்துவிடும். பள்ளிக்கூட பஸ் இறக்கிவிட, சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் யன்னலுக்கு வெளியே இருட்டு. யாழ்ப்பாணத்தில் மார்கழிக்கு வேறு முகம். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் விடியப்புறத்தில் ஊரை எழுப்பும். மாதக் கடைசியில் வேதக்கார வீடுகளிலிருந்து நத்தார் கேக்கும் பலகாரமும் வரும். ஒஷாவாவுக்கு வந்த புதிதில் இரண்டுமே இல்லாத மார்கழிகளைத்தான் கண்டோம். அந்த நீண்ட இரவுகளை நிரப்பியவை நாலைந்து வீடியோ கசெற்றுகள். இன்று அந்த நகரத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தப் படங்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

எண்பதுகளின் கடைசி. 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்த எங்கள் சனத்தில் அநேகர் ரொறொன்ரோவின் வெலஸ்லி வீதித் தொடர்மாடிகளிலும், பிறகு ஸ்காபரோவிலும் குடியிருந்தார்கள். அங்கிருந்தால் மரக்கறியும் மீனும் தமிழ்ப் பேச்சும் கிட்ட இருக்கும். அப்பாவுக்கு வேலை கிடைத்தது ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே 60 கிலோமீற்றர் தள்ளி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்த ஒஷாவாவில். வீட்டு வாடகையும் குறைவு. ஊரில் தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம்.

ஒஷாவா கார் செய்கிற ஊர். குதிரை வண்டி செய்துவந்த மக்லாக்லின் குடும்பம் 1907-இல் அங்கே மோட்டார் கார்க் கொம்பனி தொடங்கியது. 1918-இல் அது ஜெனரல் மோட்டோர்ஸ் கனடா ஆனது. நாங்கள் போன காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஆலையில் வேலை. வகுப்பில் என்னோடு படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தகப்பனோ மாமனோ சித்தப்பனோ ஆலையில் இருந்தார். ஆலைக்கு ஷிப்ற் மாறும் நேரத்தில் வீதிகள் நிறையும். நத்தாருக்கு ஆலை மூடினால் ஊரே வீட்டுக்குள் இருக்கும். சிம்கோ வீதியில் கேணல் சாம் மக்லாக்லின் கட்டிய பார்க்வுட் மாளிகை நத்தாருக்காக அலங்கரிக்கப்பட்டிருக்கும். நாங்கள் வெளியே நின்று பார்த்திருக்கிறோம். பிற்காலத்தில் ஹொலிவுட் படங்கள் பலவற்றில் அந்த மாளிகையைக் கண்டபோது எங்கள் ஊர் வீடு என்று கத்தியிருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் 401 நெடுஞ்சாலை வழியாக ஸ்காபரோவுக்குப் போவோம். முருங்கைக்காய், ஒடியல் மா, கருவாடு எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசியாகக் கடையின் பின்பக்க அலுமாரிக்குப் போவோம். தமிழ்ப் படக் கசெற்றுகள் அங்கேதான். பிரதியிலிருந்து பிரதி எடுத்த கசெற்றுகள். முகங்கள் மங்கி, பாட்டு இழுபட்டு ஓடினாலும் அடுத்த கிழமை வரைக்கும் அவைதான் எங்களுக்குக் கொட்டகை. மார்கழியில் பனி கொட்டி 401 வழுக்கத் தொடங்கினால் ஸ்காபரோப் பயணம் நின்றுவிடும். அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது பேகட் வீதியிலுள்ள மக்லாக்லின் நூலகம். புத்தகம் போலவே படமும் காசில்லாமல் இரவல் தருகிறார்கள் என்பதை அம்மா நம்பவே சில கிழமை பிடித்தது.

வீடியோ டெக் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் கலியாண வீடு, சாமத்திய வீடு முடிந்த இரவுகளில் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாவிட்டால் ஜெனரேற்றர் வைத்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடியப் படம் போடுவார்கள். ஒழுங்கை முழுவதும் கூடியிருந்து பார்க்கும். கனடாவில் டெக் வாங்கிய அன்று அப்பா முதலில் போட்டுப் பார்த்தது கொழும்பிலிருந்து வந்திருந்த சித்தியின் கலியாணக் கசெற். திரையில் வரிவரியாகக் கோடுகள்தான் ஓடின. இலங்கையில் பால் முறை, கனடாவில் என்ரிஎஸ்சி முறை. அங்கே 625 வரி, இங்கே 525 வரி. ஒரு நாட்டில் பதிந்த கலியாணம் மற்ற நாட்டுப் பெட்டியில் தெரியாது. ஸ்காபரோக் கடையொன்றில் காசு கொடுத்து மாற்றுவித்த பிறகுதான் சித்தியின் முகத்தைக் கண்டோம். மாற்றி வந்த அந்தக் கசெற்றோடு பின்னாளில் ஒரே தட்டில் இருந்தவைதான் எங்கள் நத்தார்ப் படங்கள்.

முதலாவது படத்தைத் தந்தவர் எங்களுக்குக் கீழ் மாடியில் தனியே இருந்த ஒரு வெள்ளைக்கார முதியவர். ஆலையில் வேலை செய்து இளைப்பாறியவர். அம்மா அவரை எங்களிடம் சொல்லும்போது கீழ்வீட்டுத் தாத்தா என்பார். ஒரு நத்தாருக்கு அம்மா கொடுத்துவிட்ட பயத்தம் பணியாரத்துக்குப் பதிலாக அவர் ஒரு கசெற்றைத் தந்தார். பிராங் கப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதை வர்ணம் ஏற்றியும் அப்போது விற்றார்கள். அந்த வர்ணப் பிரதியைப் பார்க்கவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லித்தான் தந்தார்.

கதை பெட்ஃபோர்ட் ஃபோல்ஸ் என்ற சிற்றூரில் நடக்கிறது. ஜோர்ஜ் பெய்லி உலகம் சுற்ற ஆசைப்படுகிறவன். தகப்பன் விட்டுப்போன சிறு கடன் சங்கத்தைக் காப்பாற்ற வேண்டி ஊரைவிட்டு ஒரு நாளும் வெளியேற முடியாமல் போகிறான். நத்தாருக்கு முதல்நாள் சங்கத்தின் 8,000 டொலர் காணாமல் போகிறது. உயிரை விட நினைத்தவனுக்கு, அவன் பிறந்திருக்காவிட்டால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தேவதூதன் காட்டுகிறான். கடைசியில் ஊர்ச்சனம் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறது.

அப்பாவுக்கு அப்போது ஆங்கிலம் சரியாகப் பிடிபடாது. ஆனால் ஓரிடத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஜோர்ஜின் கலியாண நாளன்று சனம் பயந்துபோய்ச் சங்கத்துக்கு ஓடிவந்து போட்ட காசைத் திருப்பிக் கேட்கிறது. காசு பெட்டிக்குள் இல்லை, உன் காசு பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய வீட்டுக்குள் இருக்கிறது, அவன் காசு இன்னொருவன் வீட்டுக்குள் இருக்கிறது என்று ஜோர்ஜ் விளங்கப்படுத்துகிறான். தேனிலவுக்கென்று வைத்திருந்த 2,000 டொலரை எடுத்து அவரவர் அவசரத்துக்கு ஏற்றபடி கொடுக்கிறான். அப்பா கதிரையில் நிமிர்ந்து, “இது எங்கட சீட்டெல்லோ!” என்றார்.

அந்தக் காலத்தில் கனடாவில் எங்கள் சனத்துக்கு வங்கி எளிதில் கடன் கொடுக்காது. சீட்டுத்தான் வங்கி. இருபது குடும்பம் மாதாமாதம் காசு போடும், ஒருவர் கழிவோடு எடுப்பார். அந்தக் காசில் ஒருவருடைய தம்பி கொழும்பிலிருந்து புறப்படுவான், இன்னொருவர் வீட்டுக்கு முற்பணம் கட்டுவார், மூன்றாமவர் தங்கச்சியின் கலியாணத்தை ஒப்பேற்றுவார். ஒருவர் கட்டாமல் விட்டால் இருபது வீடும் ஆடும். சீட்டுப் பிடிக்கிறவர் கைக்காசைப் போட்டுச் சமாளித்த மாதங்களை அப்பா கண்டிருந்தார். ஒரு கலிபோர்னியாக் கலைக்கூடம் 1946-இல் எழுப்பிய ஊருக்குள் யாழ்ப்பாணத்து வேலணையையும் ஸ்காபரோவையும் கண்டது அவருடைய கண். படம் முடிந்தபோது அவருக்கு ஒரேயொரு மனக்குறை. காசை ஒளித்த பணக்காரன் பொற்றருக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. “அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?” என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

அந்தக் கேள்விக்குக் கீழ்வீட்டுத் தாத்தாவிடம் பதில் இருந்தது. 1937 சித்திரையில் ஒஷாவா ஆலையில் ஏறக்குறைய 4,000 தொழிலாளர் இரண்டு கிழமைக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். கனடாவின் தொழிற்சங்க வரலாற்றையே திருப்பிய போராட்டம் அது. பொற்றரைத் தண்டிக்கிறது படத்தின் வேலையில்லை, ஊரின் வேலை என்பது அவருடைய கருத்து. எங்கள் குசினி மேசையில் பணியாரம் தின்றுகொண்டு அவர் சொன்னதிலிருந்துதான் நான் ஒஷாவாவின் சரித்திரத்தை முதன்முதலாகக் கேட்டேன்.

அந்தப் படம் கொட்டகையில் தோற்ற படம் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. வெளியான காலத்தில் போட்ட காசையே எடுக்கவில்லை. 1974-இல் அமெரிக்காவில் அதன் காப்புரிமையை உரியவர்கள் புதுப்பிக்காமல் விட்டார்கள். காசு கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்று ஆனதும் சின்னச் சின்னத் தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் மார்கழியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. கசெற் வந்தபோது பல கொம்பனிகள் ஆளுக்கொரு பிரதியாக மலிவு விலைக்கு இறக்கின. 1993-இல் மூலக் கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி அது மறுபடி ஒரு கொம்பனியின் கைக்குப் போவதற்குள், ஒரு தலைமுறை அதை வீட்டுக்குள்ளேயே வளர்த்துவிட்டது. 1983-இல் வந்த ‘எ கிறிஸ்மஸ் ஸ்ரோறி’ கொட்டகையில் சுமாராக ஓடிய படம்தான். அதையும் தொலைக்காட்சியும் கசெற்றும்தான் தூக்கிவிட்டன. இந்தப் படங்களைச் சிரஞ்சீவியாக்கியவை வீடுகளே. விமர்சகர்களும் விருதுகளும் செய்யாததை வருஷா வருஷம் ஒரே கதிரைகளில் வந்து உட்கார்ந்த குடும்பங்கள் செய்தன.

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் வேறு. 1990-இல் வந்த ‘ஹோம் அலோன்’. உலகம் முழுவதும் பிள்ளைகள் அதைப் பார்த்தது, தனித்துவிடப்பட்ட சிறுவன் திருடர்களைப் படுத்தும் பாட்டுக்காக. நாங்களும் அதற்காகத்தான் பார்த்தோம். அம்மா பார்த்தது தாயை. பாரிஸுக்குப் பறக்கும் வழியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தது தெரிந்து, இறங்கிய பிறகு விமான நிலையத்தில் ஒரு முதிய தம்பதியிடம் அவர்களுடைய இருக்கைக்காகக் கெஞ்சுகிறாள். காசு, கைக்கடிகாரம், மோதிரம், தோடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி நீட்டுகிறாள். படம் அதைச் சிரிப்பாகத்தான் காட்டுகிறது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

எங்கள் சனம் வெளிநாடு வந்த கதை அந்தக் காட்சிக்குள் இருக்கிறது. ஏஜென்சிக்குக் கட்டுவதற்காகக் காப்பை விற்ற தாய்மார், தாலிக்கொடியை அடகு வைத்த தாய்மார், பிள்ளையை ஒரு நாட்டிலும் புருஷனை இன்னொரு நாட்டிலும் வைத்துக்கொண்டு கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த தாய்மார். என் அண்ணா எங்களுக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தார். ஸ்பொன்சர் கடதாசி சரிவர அம்மா பட்ட பாட்டை நாங்கள் கண்டோம். அந்தப் படத்தில் தாய் விமானம் மாறி, ஸ்க்ரான்ரனில் அகப்பட்டு, கடைசியில் வாத்தியக்காரர்களின் வானில் ஏறி வீடு வருகிறாள். அவளை ஏற்றிவிடும் வாத்தியக்காரராக நடித்தவர் ஒன்ராறியோவில் பிறந்த ஜோன் கண்டி. அவர் திரையில் வந்ததும் அம்மாவின் முகம் தெளியும். “நல்ல மனுசன், கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுவான்” என்பார். எத்தனையாவது முறை பார்த்தாலும் அதையே சொல்வார். அண்ணா வந்த பிறகு வந்த நத்தாரில் அவரும் பக்கத்தில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அம்மா திருடர்களைப் பார்த்துச் சிரித்தார்.

‘எ கிறிஸ்மஸ் ஸ்ரோறி’ எங்களுக்குப் பிடித்ததற்கு வேறு காரணம். கதை அமெரிக்காவின் இந்தியானாவில் நடப்பதாகச் சொன்னாலும் அதில் பல காட்சிகள் எடுக்கப்பட்டது எங்கள் மாகாணத்தில். பள்ளிக்கூடம் சென் கத்தரீன்ஸில் இருக்கிறது. நத்தார் மரம் வாங்கும் இடமும், வான்கோழியை நாய்கள் தின்றுவிட்டபின் குடும்பம் சாப்பிடப் போகும் சீன உணவகமும் ரொறொன்ரோவில். அந்த உணவகம் இருந்தது ஜெராட் வீதியில். அதே வீதியில் இன்னும் கிழக்கே போனால் 1972-இல் தொடங்கிய நாஸ் தியேட்டரும் அதைச் சுற்றி வளர்ந்த இந்தியக் கடைகளும். தமிழ்க் கடைகள் பெருகுவதற்கு முதல் எங்கள் சனம் மிளகாயும் புளியும் வாங்கப்போன வீதி. ஆனால் அந்தக் காட்சியில் உணவகப் பணியாளர்கள் நத்தார்ப் பாட்டைப் பாட, அவர்களுடைய உச்சரிப்பைப் படம் கேலி செய்கிறது. அந்த இடத்தில் எங்கள் வீட்டில் சிரிப்புக் குறைந்துவிடும். அப்பாவின் ஆங்கிலத்தைக் கேட்டுக் கடைக்காரர் இரண்டாந்தரம் திருப்பிக் கேட்ட முகம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பிடித்த படத்திலும் வலிக்கிற ஒரு இடம் இருக்கலாம். அதை அறிந்துகொண்டே மறுபடியும் பார்த்தோம்.

சின்னவர்களுக்கு ‘ருடோல்ஃப்’. 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் செய்த பொம்மைப் படம். பொம்மைகளை அசைத்துப் படம்பிடித்தது ஜப்பானில் ததாஹிதோ மோச்சினாகாவின் கூடத்தில். குரல்களோ பெரும்பாலும் ரொறொன்ரோவில் பதிவானவை. சிவப்பு மூக்கு மான்குட்டிக்குக் குரல் கொடுத்தவர் பில்லி மே ரிச்சர்ட்ஸ் என்ற ரொறொன்ரோ நடிகை. மூக்கின் நிறத்துக்காக விளையாட்டில் சேர்க்கப்படாத அந்த மான்குட்டியை ஒஷாவாப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதன் குரல் எங்கள் பக்கத்து நகரத்திலிருந்து வந்தது என்று அறிந்த நாளில் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

பிறந்த நாட்டின் வெக்கையை விட்டுவந்த எங்களுக்கு இன்னொரு விஷயமும் பிடிக்கும். கப்ராவின் படத்தில் கொட்டும் பனி முழுவதும் பொய். 1946 கோடை வெய்யிலில் கலிபோர்னியாவில் எடுத்த படம். அதுவரைக்கும் சினிமாவில் வெள்ளை பூசிய கோர்ன்ஃபிளேக்ஸைத் தூவிப் பனி காட்டுவார்கள். அது காலடியில் நொறுங்கிச் சத்தம் போட்டு வசனத்தைக் கெடுக்கும். கப்ராவின் ஆட்கள் தீயணைக்கும் நுரையோடு சவர்க்காரமும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனியைப் பொழியவைத்தார்கள். நடித்தவர்கள் வியர்வையில் குளித்தபடி குளிரில் நடுங்கினார்கள். நாங்களோ உண்மையான பனி யன்னலில் மோத, கம்பளிக்குள் இருந்து அந்தப் பொய்ப்பனியைப் பார்த்துப் பனியை விரும்பப் பழகினோம்.

கசெற் எங்களுக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. கொட்டகையில் படம் எங்களைக் கேளாமல் ஓடும். கசெற்றை நிறுத்தலாம். விளங்காத வசனத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி, அண்ணாவிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். அப்பா ஆங்கிலம் பழகியது இரவுப் பள்ளியில் பாதி, இந்தக் கசெற்றுகளில் பாதி. நாங்கள் தொலைக்காட்சியிலிருந்தும் பதிவோம். ஏரிக்கு அப்பால் இருந்த பஃபலோ நிலையங்கள் அன்ரெனாவில் எடுக்கும். இரண்டு மணித்தியாலக் கசெற்றில் மெதுவான ஓட்டத்தில் பதிந்தால் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். படமும் விளம்பரங்களும் பனிப்புயல் அறிவித்தலும் எல்லாம் சேர்ந்து பதியும். பதிந்து முடிந்ததும் கசெற்றின் முதுகிலிருந்த சின்னப் பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று வீடே கூடி முடிவு செய்யும். அப்படி உடைக்கப்பட்டவைதான் எங்கள் குடும்பத்தின் செவ்வியல் படங்கள். அடிக்கடி நிறுத்திப் பார்த்த இடங்களில் நாடா தேய்ந்து திரையில் கோடு விழும். தாய் தோட்டைக் கழற்றும் இடத்தில் ஒரு கோடு. ஜோர்ஜ் காசு எண்ணிக் கொடுக்கும் இடத்தில் இன்னொன்று.

அந்தப் படங்கள் கற்பனை ஊர்களைப் பற்றியவை என்றாலும் ஒஷாவாவின் உண்மைக்கு அவை வெகு கிட்ட இருந்தன. 2018 நவம்பர் 26 அன்று, வருஷத்தின் நத்தார் வேலைகள் தொடங்குகிற நேரத்தில், ஒஷாவாவில் வாகன உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டோர்ஸ் அறிவித்தது. 2019 மார்கழியில், நத்தாருக்கு ஒரு கிழமை இருக்க, உற்பத்தி நின்றது. நூறாண்டுக்கு மேல் கார் செய்த ஊர் வேலையின்றி அந்த நத்தாரைக் கொண்டாடியது. என்னோடு படித்தவர்கள் பலர் அதில் அகப்பட்டார்கள். அந்த மார்கழியில் ஒஷாவாவில் இருந்த பள்ளித் தோழன் ஒருவன் தொலைபேசியில், பெட்ஃபோர்ட் ஃபோல்ஸ் படத்தைப் பிள்ளைகளோடு பார்த்ததாகச் சொன்னான். சிறுவயதில் எங்கள் வீட்டுத் தரையில் இருந்து அதைப் பார்த்தவன் அவன். 2021 நவம்பரில் ஆலையில் மறுபடியும் வாகனங்கள் வெளிவரத் தொடங்கின. ஒரு ஊர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு வருஷமும் காட்டிவிட்டன. ஊர் என்பது ஒருவர் காசு இன்னொருவர் வீட்டுக்குள் இருப்பது என்று ஜோர்ஜ் சொன்னது அப்போது என் தோழனுக்கும் விளங்கியது.

டெக்கின் காலமும் முடிந்துவிட்டது. உலகில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்தியது. வாடகைக் கடைகள் அதற்கு முன்னரே போய்விட்டன. இன்று அதே படங்கள் ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன, கோடில்லாமல், துல்லியமாக. ஆனால் எது வேண்டுமானாலும் எப்போதும் கிடைக்கும் வீட்டில் நாலு பேர் நாலு திரையில் நாலு படம் பார்க்கிறார்கள். அன்று கசெற் ஒன்று, டெக் ஒன்று, ரிவி ஒன்று என்பதால் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அந்தக் கட்டாயம் இனித் திரும்பி வராது. ஒன்றாக உட்காருவதை இனி நாங்களாகவே தெரிவுசெய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகளோடு ஒவ்வொரு மார்கழியும் ஒரு படத்தையாவது, பார்த்த படத்தையே, மறுபடியும் சேர்ந்து பார்க்கிறோம். திருவெம்பாவையை வருஷா வருஷம் அதே பாட்டுகளோடு பாடுகிற சனத்துக்குத் திரும்பச் செய்வதன் அருமை தெரியும். புதிதாகக் காண்பதற்காக நாங்கள் அதைப் பாடுவதில்லை. போன மார்கழிக்கும் இந்த மார்கழிக்கும் இடையில் எங்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்தப் பாட்டுக்கு முன்னால் நின்று உணர்ந்துகொள்கிறோம். நத்தார்ப் படமும் எங்களுக்கு அதையே செய்தது.

இப்போது எனக்கு ஒரு ஆசை. ரொறொன்ரோத் தமிழர் படம் எடுக்கத் தொடங்கிக் கன காலம். லெனின் எம். சிவத்தின் ‘எ கன் அன்ட் எ றிங்’ போன்ற படங்களில் எங்கள் காயங்கள் திரைக்கு வந்துவிட்டன. இனி எங்கள் குளிர்காலமும் வர வேண்டும். சீட்டுக்காசு கட்டிய மாலைகள், 401 பனியில் அகப்பட்ட வான், ஆலையில் ஷிப்ற் முடிந்து வரும் தகப்பன், கழற்றிய தோடு, பிந்தி வந்து சேர்ந்த அண்ணன், பணியாரத்துக்குப் பதில் கசெற் தந்த அயலவர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கொட்டகையில் அது ஓடாமல் போனாலும் கவலை வேண்டாம். கப்ராவின் படமும் ஓடவில்லை. பிள்ளைகள் அதை வீட்டுக்குள் வளர்த்துக்கொள்வார்கள். ஒஷாவாவிலும் அதற்குக் கிழக்கேயும் மேற்கேயும் இன்று தமிழ் வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்தப் படத்தை எடுக்கப்போகிற பிள்ளை அவற்றில் ஒன்றில்தான் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதைகளைச் சொல்லிவைப்பது எங்கள் தலைமுறையின் கடமை.